உப்புக்காரர்கள் கட்டிய குவான் யூ கோவில்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஸிகோங் என்று ஒரு ஊர். கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, உப்பளம் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் சீனர்கள் அந்த ஊரை இன்றும் உப்பின் தலைநகரம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே உப்பு பூமிக்கு அடியில், பாறைகளுக்கு நடுவே, உப்புநீராகக் கிடக்கிறது. மூங்கிலையும் இரும்பையும் வைத்துத் துளை போட்டு அந்த நீரை எட்டினார்கள். எருமைகளைக் கட்டி இறைத்தார்கள். அதே நிலத்தடியிலிருந்து வந்த எரிவாயுவைக் கொளுத்தி உப்பாகக் காய்ச்சினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த கட்டடங்களில் முதன்மையானது ஷீச்சின் ஹுய்குவான்.

வெளியூர் வணிகர்கள் தொழில் செய்யப் போன இடத்தில் ஒன்றுசேர்ந்து கட்டிக்கொள்ளும் சங்க மண்டபத்துக்குத்தான் சீனத்தில் ஹுய்குவான் என்று பெயர். இதைக் கட்டியவர்கள் ஸிகோங்காரர்கள் இல்லை. வடக்கே ஷென்சி மாகாணத்திலிருந்து மலைத்தொடர்களைத் தாண்டி வந்த உப்பு வணிகர்கள். 1736இல், சியென்லோங் பேரரசர் ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டில், வேலையைத் தொடங்கினார்கள். 1752இல் முடித்தார்கள். ஒரு கட்டடத்துக்கு 16 ஆண்டுகள்.

இதன் கூரையைப் படங்களில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஓட்டுக்கூரைகள், ஒவ்வொரு மூலையும் கொம்பு போல வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் வாசலில் நின்று அந்தக் கூரையைப் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புகிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இந்த மண்டபத்தைத் தனியாகப் பார்த்தால் அழகு தெரியும், ஆனால் அது ஏன் இவ்வளவு ஆடம்பரமாக எழுந்தது என்பது பிடிபடாது. அதே ஊரில் கசாப்புக்காரர்கள் கட்டிய மண்டபம் ஒன்றும், படகுக்காரர்கள் கட்டிய கோவில் ஒன்றும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உப்பு ஒரு ஊரை எப்படி நடத்தியது என்பது விளங்கும்.

சரி, முதலில் ஷென்சிக்காரர்கள் இங்கே வந்த கதை.

மிங் அரசு தொடங்கிய காலத்தில் அதற்குப் பெரிய கவலை வடக்கு எல்லைதான். மங்கோலியர்களை எதிர்த்து அங்கே லட்சக்கணக்கான வீரர்கள் நின்றார்கள். அவர்களுக்குச் சோறு போட வேண்டும். உப்பு விற்கும் உரிமையோ அரசின் கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து 1370 வாக்கில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லைப் பாசறைக்குத் தானியம் கொண்டுபோய்க் கொடுக்கும் வணிகருக்கு அதற்கு ஈடாக உப்புச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டைக் காட்டி உப்பு வாங்கி, குறிப்பிட்ட பகுதியில் விற்றுக்கொள்ளலாம். எல்லைக்குப் பக்கத்திலேயே இருந்தவர்கள் ஷென்சிக்காரர்களும், அவர்களுக்குக் கிழக்கே இருந்த ஷான்சிக்காரர்களும். இந்த ஏற்பாடு இரண்டு மாகாணத்தாரையும் பெரும் வணிகர்களாக ஆக்கியது. (பெயர்கள் குழப்பும்: ஷென்சி, ஷான்சி இரண்டும் வேறு வேறு மாகாணங்கள். நடுவில் மஞ்சள் ஆறு ஓடுகிறது.)

1492இல் அரசு விதியை மாற்றியது. தானியத்துக்குப் பதில் வெள்ளியாகக் கட்டினால் போதும் என்றது. எல்லைக்கு வண்டி கட்டிப் போக வேண்டிய தேவை போனதும், அருகில் இருந்தவர்களுக்கு இருந்த வசதியும் போய்விட்டது. கிழக்குக் கடற்கரை உப்பு வணிகம் மெல்ல, கிழக்குச் சீனாவின் ஹுய்சோ பகுதி வணிகர்கள் பக்கம் சாய்ந்தது. ஷென்சி வணிகர்களில் பலர் தெற்கே திரும்பினார்கள். தெற்கே இருந்தது சிச்சுவான்.

அந்தச் சிச்சுவானும் ஒரு பேரழிவிலிருந்து எழுந்து கொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த போர்களில் மாகாணத்தின் மக்கள்தொகை பயங்கரமாகச் சரிந்தது. மிங் அரசுக்குப் பின் வந்த சிங் அரசு பிற மாகாணத்தாரைக் குடியேறச் சொல்லி ஊக்குவித்தது. ஹுபெய், ஹுனான், குவாங்டாங், ஜியாங்சி, ஃபூஜியான் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து நிலம் பிடித்தார்கள். அதனால்தான் சிச்சுவானின் சின்ன ஊர்களில்கூட இரண்டு மூன்று ஹுய்குவான்களைப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் தெய்வத்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஃபூஜியான்காரர்களுக்குக் கடல் தாய் மாட்சு. ஹுபெய், ஹுனான்காரர்களுக்கு வெள்ளத்தை வென்ற மாமன்னன் யூ. குவாங்டாங்காரர்களுக்கு சென் பௌத்தத்தின் ஆறாவது குரு ஹுய்நெங். காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் போதிதர்மர்தான் அந்த வரிசையில் முதலாமவர். மண்டபத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே கட்டியவர் எந்த மாகாணம் என்று சொல்லிவிடலாம்.

ஷென்சிக்காரர்கள் வைத்தது குவான் யூவை. மூன்று நாடுகள் காலத்துப் படைத்தலைவர், சிவந்த முகமும் நீண்ட தாடியும் கொண்டவர், சொன்ன சொல் மாறாதவர். கொடுத்த வாக்கை உயிரைக் கொடுத்துக் காத்தவர் என்பதால் சீன வணிகர்கள் எல்லோருக்கும் அவர் பொதுத் தெய்வம். ஒப்பந்தம் போடுகிற இடத்தில் அவர் படம் இருந்தால் ஏமாற்றுகிறவனுக்குக் கை நடுங்கும் என்பது நம்பிக்கை. ஆனால் உப்புக்காரர்களுக்கு அவர் இன்னும் ஒரு படி நெருக்கம். குவான் யூ பிறந்தது ஷான்சி மாகாணத்தின் தென்கோடியில், பெரிய உப்பு ஏரி ஒன்றின் கரையில். பழங்காலம் தொட்டே வட சீனாவுக்கு உப்பு கொடுத்த ஏரி அது. சோங் அரச வம்சத்தின் காலத்தில் அந்த ஏரியின் உப்பு விளைச்சல் கெட்டபோது, சீ யூ என்ற பழைய அரக்கன்தான் காரணம் என்றும், குவான் யூவின் ஆவி வந்து அவனோடு போரிட்டு ஏரியை மீட்டது என்றும் ஒரு கதை உண்டு.

இந்தத் தேர்வில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. குவான் யூவின் சத்திய சகோதரர் லியூ பெய் அரசு அமைத்து ஆண்டது சிச்சுவானில்தான். ஆகவே உள்ளூர் மக்களுக்கும் குவான் யூ வேற்றாள் இல்லை. கடல் தாயைப் பற்றி மலைநாட்டுச் சிச்சுவான்காரனுக்கு என்ன தெரியும்? குவான் யூ கோவிலுக்கு என்றால் அவன் வீட்டோடு கிளம்பி வருவான். பிழைக்க வந்த இடத்தில் இரு தரப்பும் கும்பிடக்கூடிய தெய்வத்தைத் தேர்ந்தெடுத்ததை ஷென்சி வணிகர்களின் அரசியல் அறிவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வந்த ஊரில் வணிகர்கள் தங்கள் சாமிக்குக் கோவில் கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. சீனாவின் கிழக்குக் கரையில் சுவான்சோ துறைமுகத்தில் நம் ஆட்கள் சிவனுக்குக் கோவில் எழுப்பியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சாட்சி. அந்தக் கோவில் நிற்கவில்லை, கல்வெட்டும் சில சிற்பங்களும்தான் மிஞ்சின. அது தெரிந்தவனாகப் போய் ஷீச்சின் ஹுய்குவான் முழுசாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சிச்சுவானின் தலைநகர் செங்டுவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர்தான் என்னை அங்கே அழைத்துப் போனார். வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் அவர் கேட்டார்: “அண்ணே, இது கோவிலா, ஆபீஸா, நாடகக் கொட்டகையா?” மூன்றும்தான். ஒரே கட்டடத்தில் மூன்றையும் எப்படி அடக்கினார்கள் என்பதில்தான் அந்தத் தச்சர்களின் மூளை இருக்கிறது.

வாசல் மண்டபத்தின் பெயர் வூஷெங்கோங், குவான் யூவின் பட்டப்பெயரை வைத்து எழுந்தது. தெருவில் நின்று பார்க்கும்போது இது பெரிய பல அடுக்கு மாளிகை போலத் தெரியும். உண்மையில் ஆழம் அதிகம் இல்லை. முகப்பு அகலம், பின்பக்கம் மெல்லிசு. அதன் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நாடக மேடை நிற்கிறது. தெருவுக்கு முகம் காட்டுவது வாசல், முற்றத்துக்கு முகம் காட்டுவது மேடை. இரண்டும் ஒரே மரச்சட்டகம். மேடையின் தரை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி நிற்பதால், உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் மேடைக்கு அடியில் குனியாமல் நடந்துதான் வர வேண்டும். இருட்டான, தாழ்ந்த வழி. அதைக் கடந்ததும் அகன்ற கல் முற்றம் வெளிச்சத்தோடு விரிகிறது. திரும்பிப் பார்த்தால், இப்போது நீங்கள் கடந்து வந்த இடத்தின் தலைக்கு மேல் மேடை, அதற்கு மேல் இன்னும் இரண்டு நிலை மாடம், அவற்றின் கூரைகள் எல்லாம் அடுக்கடுக்காக. தெருவிலிருந்து பார்த்த கூரையை விட இந்த உள்பக்கக் கூரை எனக்குப் பிடித்திருந்தது.

மேடைக்கு நேர் எதிரே, முற்றத்தின் மறுமுனையில் படிகள் ஏறித் திறந்த மண்டபம். அதற்குப் பின்னால் உயரமான மாடம், அதற்கும் பின்னால் குவான் யூவின் மூலக்கோவில். ஊரின் குன்றுச் சரிவை அப்படியே பயன்படுத்தி, பின்னால் போகப் போகத் தரையை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில். மேடையில் ஆடுகிறவன் தலை நிமிர்ந்தால் அவன் பார்வை போய் நிற்பது தெய்வத்தின் திசையில். நாடகம் முதலில் குவான் யூவுக்கு. நடுவில் முற்றத்தில் நிற்கும் ஊர்க்கூட்டம் அந்தப் பிரசாதத்தில் பங்கு வாங்குகிறது, அவ்வளவுதான்.

முற்றத்தின் இரண்டு பக்கமும் மாடத்தோடு கூடிய நீண்ட தாழ்வாரங்கள். வசதியானவர்கள் மேலே உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு தாழ்வாரத்தின் நடுவிலும் ஒரு சிறு மாடம் கூரையைக் கிழித்துக்கொண்டு எழுகிறது. ஒன்று மணிக்கு, மற்றது முரசுக்கு. இந்த இரண்டும் இல்லாமல் இருந்தால் தாழ்வாரக் கூரை நெடுக ஒரே கோடாக ஓடி முற்றம் வெறிச்சென்று இருந்திருக்கும். தேவைக்குக் கட்டியதும் அழகுக்குக் கட்டியதும் எது எது என்று பிரிக்க முடியாத இடம் அது.

கட்டுமான முறையைப் பற்றிக் கொஞ்சம். சீன மரக்கட்டடங்களில் சுவர் சுமை தாங்காது. தூணும் உத்தரமும்தான் எல்லாம், சுவர் வெறும் திரை. வடக்கத்து அரண்மனை முறையில் பருத்த தூண்களை அகல இடைவெளி விட்டு நிறுத்தி, உத்தரத்தின் மேல் குட்டி உத்தரம் என்று அடுக்குவார்கள். சிச்சுவானின் வீட்டு முறை வேறு. மெல்லிய தூண்கள் நெருக்கமாக நிற்கும், அவற்றைத் துளைத்துக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். ஷென்சிக்காரர்கள் பணமும் வடக்கத்து மரபும் கொண்டு வந்தார்கள். இந்தக் கட்டடம் இரண்டையும் கலந்து பேசுகிறது. முகப்பிலும் மேடையிலும் அரண்மனைக்கு உரிய கொடுங்கைக் கட்டைகள் வரிசை வரிசையாகக் கூரையைத் தாங்குவது போல நிற்கின்றன. ஆனால் மூலைகள் வளையும் வேகம் வடக்கத்துக் கூரைகளில் பார்க்க முடியாத வேகம். தெற்கத்துத் தச்சனின் கை அது. சிச்சுவானில் மழையும் ஈரமும் அதிகம், தூண்களின் அடி அழுகிவிடும். அதனால் ஒவ்வொரு தூணும் செதுக்கிய கல் பீடத்தில் நிற்கிறது. அந்தப் பீடங்களிலும் சிற்பங்களை விட்டுவைக்கவில்லை.

மேடையைச் சுற்றியுள்ள மரச் செதுக்கல்களில் பெரும்பாலும் நாடகக் காட்சிகள், பொன்பூச்சோடு. குதிரை, கொடி, கோட்டை வாசல், தாடி வைத்த தளபதி, எல்லாம் ஒரு முழம் உயரத்துக்குள். எழுதப் படிக்கத் தெரியாத சுமைகூலி ஆளும் அதைப் பார்த்து இன்ன கதை என்று சொல்லிவிடுவான். கூட்டத்தோடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்காகவே அந்த உருவங்கள் லேசாக முன்னால் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

நாடகம் வணிகச் சங்கங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. சட்டமும் அதுதான். ஹெனான் மாகாணத்தில் ஷெச்சி என்ற ஊரில் ஷான்சி, ஷென்சி வணிகர்கள் சேர்ந்து கட்டிய இன்னொரு பெரிய ஹுய்குவான் இருக்கிறது. அங்கே 1724ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. தராசில் தில்லுமுல்லு பெருகிவிட்டதால் எல்லா வணிகர்களும் கூடி எடையை ஒரே அளவாக்கினார்கள். இனி யாராவது மீறினால் அவர் மூன்று நாடகம் போட வேண்டும் என்று தண்டனை. அதற்கும் அடங்காவிட்டால்தான் அதிகாரியிடம் போவது. நாடகச் செலவு முழுவதும் குற்றவாளியுடையது. ஊரே வந்து இலவசமாகப் பார்க்கும், யார் செலவில் பார்க்கிறோம், எதற்காக என்பதும் ஊருக்கே தெரியும். பணமும் போய், மானமும் போகும். இதை விட நல்ல தண்டனையை நான் எங்கும் கேள்விப்படவில்லை.

அப்புறம் ஹுய்குவான்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெளியூரில் இறந்துபோன உறுப்பினரின் சவப்பெட்டியைச் சொந்த ஊருக்கு அனுப்பும் வரை பத்திரப்படுத்துவது, வசதியில்லாதவருக்கு அடக்கம் செய்ய நிலம் கொடுப்பது. மேடையும் விருந்தும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஷென்சியிலிருந்து சின்லிங் மலையை நடந்தே தாண்டி வந்த ஒரு கணக்கப்பிள்ளைக்கு, தான் செத்தால் உடம்பு அநாதையாகக் கிடக்காது என்ற தைரியம் அந்தச் சங்கத்தால் கிடைத்தது.

இனி உப்புக்கிணற்றுக்கு வருகிறேன். அது இல்லாமல் இந்த ஆடம்பரத்தின் காரணம் புரியாது.

ஸிகோங்கின் கிணறு நம் கிணறு போல இறங்கிக் குளிக்கும் கிணறு இல்லை. ஒரு சாண்கூட அகலம் இல்லாத துளை. 11ஆம் நூற்றாண்டில் சிச்சுவானில் கண்டுபிடித்த முறை இது. கனமான இரும்பு உளியை மூங்கில் நாரில் கட்டி, ஏற்றம் போன்ற பலகையின் ஒரு முனையில் தொங்கவிடுவார்கள். மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதித்துத் துள்ளுவார்கள். உளி எழும், விழும், பாறையைக் குத்தும். நாள் முழுக்கக் குத்தினால் சில அங்குலம் இறங்கும். மேல்பாகத்தில் தண்ணீர் கசியாமல் இருக்க மரக்குழாய்களை உறை போல இறக்குவார்கள். இப்படித்தான் ஷென்ஹாய் கிணற்றை 13 ஆண்டுகள் தோண்டி, 1835இல் 1,001.42 மீட்டர் ஆழத்தை எட்டினார்கள். உலகத்தில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் கிணறு அது. இன்றும் போய்ப் பார்க்கலாம். உப்புநீரில் உள்ள அழுக்கைப் பிரிக்க, கொதிக்கும் கொப்பரையில் சோயாப்பால் ஊற்றுகிறார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், வழித்துப் போட்டுவிட்டுக் காய்ச்சினால் வெள்ளை உப்பு.

13 ஆண்டுகள் என்பதை யோசித்துப் பாருங்கள். அத்தனை ஆண்டுகளும் கூலி கொடுக்க வேண்டும், இரும்பு வாங்க வேண்டும், உளி அறுந்து உள்ளே விழுந்தால் அதை எடுக்க மாதக்கணக்கில் மல்லாட வேண்டும். வருமானம் ஒரு காசு வராது. கடைசியில் நீரே வராமலும் போகலாம். தனி ஆளால் இது ஆகாது. ஆகவே பங்கு போட்டார்கள். ஒரு கிணற்றை மாதத்தின் 30 நாட்களைப் போல 30 பங்காகப் பிரிப்பார்கள். நிலத்தைக் கொடுத்தவருக்கு இத்தனை நாள், பணம் போட்டவருக்கு இத்தனை நாள், வேலையை நடத்துகிறவருக்கு இத்தனை நாள். பங்கை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இதைப் பத்திரமாக எழுதினார்கள், அந்தப் பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்களிடம் நிலம் இருந்தது. ஷென்சிக்காரர்களிடம் வெள்ளி இருந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் கிணறு நிலக்காரருக்கே திரும்பும் என்ற ஒப்பந்தமும் உண்டு.

இப்போது அந்தக் கூரையைத் திரும்பப் பாருங்கள். முன்பின் தெரியாத ஊரில், யாருக்கும் தெரியாத மொழிவழக்கில் பேசிக்கொண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடும் ஆட்கள் அவர்கள். நாளைக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடமாட்டார்கள் என்று நிலக்காரர் எப்படி நம்புவார்? 16 ஆண்டுகள் செலவழித்துக் கல்லிலும் மரத்திலும் அவர்கள் கொடுத்த பதில் இந்த மண்டபம். இதை மூட்டையில் கட்ட முடியாது. பக்தியும் ஊர்ப்பற்றும் இல்லாமல் இதைக் கட்டியிருக்க முடியாது, ஆனால் பக்திக்கு மட்டும் என்றால் இவ்வளவு அகலமான முகப்பும், ஊரே நிற்கும் அளவுக்கு முற்றமும் தேவையில்லை.

வணிகர்களோடு கதை முடிந்துவிடவில்லை. உப்புநீரை இறைத்தவை எருமைகள். பெரிய மரச்சக்கரத்தில் கட்டிய எருமைகள் சுற்றிச் சுற்றி வர, மூங்கில் குழாய்களில் நிரம்பிய உப்புநீர் மேலே வரும். கிணற்றுக்கு மேல் ஃபிர் மரங்களை மூங்கில் கயிற்றால் கட்டி எழுப்பிய சாரங்கள், அவற்றில் மிக உயரமானது 113 மீட்டர். அவ்வளவு சாரங்களுக்கும் எத்தனை எருமைகள் உழைத்திருக்கும்! உழைத்து ஓய்ந்த எருமையை என்ன செய்வது? ஸிகோங்கின் சமையலே அதற்குப் பதில். இறைச்சியைக் காகிதம் போல மெல்லிசாக வகுந்து, மாட்டுச்சாண வறட்டித் தணலில் வாட்டும் பண்டம் அந்த ஊரின் அடையாளம். மலிவாகக் கிடைத்த இறைச்சி, கையில் இருந்த உப்பு, உழைக்கிறவனுக்கு வேண்டிய காரம்.

இறைச்சி பெருகினால் கசாப்புக்காரர்கள் பெருகுவார்கள். அவர்களும் சங்கம் அமைத்தார்கள். அந்த மண்டபத்தின் பெயர் ஹுவான்ஹோ அரண்மனை. அவர்கள் தெய்வம் ஜாங் ஃபே, குவான் யூவின் சத்திய சகோதரர். கதைகளின்படி போருக்குப் போகும் முன் ஜாங் ஃபே கசாப்புக்கடைக்காரர்தான். பணக்கார உப்பு வணிகர்கள் அண்ணனை வைத்துக் கும்பிட, கசாப்புக்காரர்கள் தம்பியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். 1860இல் பழைய மண்டபம் தீயில் எரிந்துபோனது. அறுக்கும் ஒவ்வொரு பன்றிக்கும் இவ்வளவு காசு என்று தங்களுக்குள் வசூலித்துச் சேர்த்த பணத்தில் திரும்பக் கட்டினார்கள். 1875இல்தான் முடிந்தது. அளவில் ஷீச்சினுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் வாசலில் உள்ள கல் வேலையும் மர வேலையும் அந்த மண்டபத்துக்கு இளைத்தவை இல்லை. வெள்ளிக்கட்டி வைத்திருந்தவர்கள் 16 ஆண்டுகளில் கட்டினார்கள். கத்தி பிடித்தவர்கள் செப்புக்காசு சேர்த்து ஏறத்தாழ அதே அளவு காலத்தில் கட்டினார்கள். எனக்கு இரண்டாவதன் மேல் மரியாதை ஒரு படி அதிகம்.

மூன்றாவது, ஃபூசி ஆற்றின் வளைவில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் வாங்யே கோவில். ஆற்றை அடக்கும் தெய்வத்துக்குப் படகுக்காரர்கள் எழுப்பியது. ஸிகோங் உப்பு இந்தச் சின்ன ஆற்றில் இறங்கி, துவோ ஆற்றில் சேர்ந்து, யாங்சியை அடைந்துதான் நாட்டுக்குள் பரவியது. ஃபூசி ஆழமில்லாத, திருப்பங்கள் நிறைந்த ஆறு. அதற்கென்றே முனையைக் கோணலாக வளைத்துப் படகு கட்டினார்கள். கோணத்தலைப் படகு என்றே அதற்குப் பெயர். கோவிலின் மாடத்திலிருந்து பார்த்தால் ஆறு இரண்டு பக்கமும் தெரியும். உப்பு ஏற்றிய படகுகள் புறப்படும்போது ஆற்றுத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்ப இதை விடப் பொருத்தமான இடம் அந்த ஊரில் இல்லை.

நான் போனபோது இந்த இரண்டு இடங்களும் தேநீர்க் கடைகளாக இருந்தன. மூங்கில் நாற்காலிகள், மூடி போட்ட கோப்பைகள், சீட்டு விளையாடும் பெரியவர்கள், தரையெல்லாம் சூரியகாந்தி விதைத் தோல். கசாப்புக்காரர் மண்டபத்தின் மேடைக்கு நேர் கீழே உட்கார்ந்து மல்லிகைத் தேநீர் குடித்தோம். எங்களைப் பார்த்த ஒரு பாட்டி, இந்தியாவில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று தம்பியிடம் விசாரித்தார். கடலிலிருந்து, வெயிலில் காய வைத்து எடுக்கிறோம் என்றதும், “தோண்ட வேண்டாமா?” என்று கேட்டுப் பக்கத்து மேசைக்கும் அந்தச் செய்தியைச் சொன்னார். மண்டபம் என்பது ஆட்கள் கூடும் இடம் என்ற பழைய வேலையை அந்த இரண்டும் அப்போதும் விட்டிருக்கவில்லை.

ஷீச்சினின் கதை வேறு மாதிரி போனது. 1853இல், சிங் அரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் நான்ஜிங்கைப் பிடித்ததும், கீழே கடற்கரையிலிருந்து ஹுபெய்க்கும் ஹுனானுக்கும் போய்க்கொண்டிருந்த உப்பு நின்றுவிட்டது. அந்தப் பெரும் சந்தை சிச்சுவான் உப்புக்குத் திறந்தது. ஸிகோங்கில் பணம் கொட்டியது. ஆனால் அந்த அலையில் உயர்ந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள். ஷென்சிக்காரர்களின் முதலீட்டில் வளர்ந்து, ஒப்பந்தக் காலம் முடிந்து திரும்பி வந்த கிணறுகளை வைத்துக்கொண்டு, அவர்களையே மிஞ்சினார்கள். ஷென்சிக்காரர்கள் 1820களின் கடைசியில் மண்டபத்தைப் பெரிதாக்கிப் புதுப்பித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர்கள் கை மெல்லத் தாழ்ந்தது.

1959இல், சீனத் தலைவர்களில் ஒருவரான டெங் சியாவோபிங் சொன்ன யோசனையின்படி, இங்கே உப்பு வரலாற்று அருங்காட்சியகம் தொடங்கியது. 1988இல் தேசியப் பாதுகாப்புச் சின்னமானது. அந்த யோசனை இந்தக் கட்டடத்துக்குச் செய்த நன்மை சாதாரணமானது இல்லை. 1960களில் கலாச்சாரப் புரட்சியின்போது சீனா முழுவதும் கோவில்கள் எப்படிச் சேதப்பட்டன என்று தெரிந்தவர்களுக்கு, இவ்வளவு மரச் சிற்பமும் மிஞ்சி நிற்பதன் அருமை தெரியும்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். கூடத்தில் உள்ள தோண்டும் கருவிகளை எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், விளக்கமும் போதவில்லை. உளிகளிலேயே எத்தனை வகை! மீன்வால் உளி, குதிரைக்குளம்பு உளி, வெள்ளிக்கட்டி உளி. பழைய சீன வெள்ளிக்கட்டியின் அச்சில் அடித்த உளி அது. துளைக்குள் விழுந்ததைக் கவ்வி எடுக்க மூங்கிலிலும் இரும்பிலும் செய்த கொக்கிகள், பிடிகள், ஒவ்வொன்றும் ஒரு விபத்துக்குப் பதிலாக யாரோ ஒரு கொல்லர் யோசித்துச் செய்தது. வணிகர் பெயரும் தெய்வத்தின் பெயரும் மண்டபத்தில் இருக்கின்றன. கொல்லர், உளி மிதித்தவர், கொப்பரைக்கு முன்னால் நின்றவர் ஆகியோருக்கு அங்கே இருப்பது இந்தக் கண்ணாடிப் பெட்டிகள்தான்.

போகிறவர்களுக்கு என் யோசனை இது. காலையில் முதலில் ஷென்ஹாய் கிணற்றுக்குப் போய் உப்பு காய்ச்சுவதைப் பாருங்கள். பிறகு ஆற்றங்கரைக் கோவில். மதியம் கசாப்புக்காரர் மண்டபம். ஷீச்சினுக்குச் சாயங்காலம் போங்கள், கூரையைப் படம் எடுக்கும் முன் நேராக உள்ளே போய் அந்த உளிகளைப் பார்த்துவிடுங்கள்.